ஓர் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளைத் தேடிப் பிடிப்பது எப்படி

சங்கப் பாட்டில் 'நாற்றம்' என்று வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது. அங்கே அது நறுமணம். ஆங்கிலத்தில் இதற்கு அச்சு அசலான இணை ஒன்று உண்டு. 'ஸ்டிங்க்' என்ற வினை இன்று துர்நாற்றம் வீசுவதை மட்டுமே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது 'ஸ்டின்கன்' என்ற வடிவில் எந்த மணத்துக்கும் பொதுவாக நின்றது. இனிய மணத்துக்கும் அதே சொல்தான். இன்றைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய பனுவலைப் படிப்பவர், ஆசிரியர் புகழ்ந்ததை இகழ்ச்சியாக எடுத்துக்கொள்வார்.

இத்தகைய மாற்றத்தை ஊகித்துப் பிடிக்க முடியாது. இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்துப்போவது சான்றாகாது. ஒரு கதை அழகாகப் பொருந்துவதும் சான்றாகாது. ஆண்டு குறித்த எழுத்துச் சான்றும், தவறாமல் திரும்பத் திரும்ப வரும் ஒலிமாற்றமும் மட்டுமே சான்று. ஒரு சொல்லைக் கையில் எடுத்து, அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, எந்த நூற்றாண்டில் என்ன பொருள் தந்தது என்று கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

கருவிகள்

முதன்மையானது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. லண்டனில் இருந்த மொழியியல் கழகம் 1857இல் தொடங்கிவைத்த முயற்சி அது. முதல் பகுதி 1884இல் வெளிவந்தது, கடைசிப் பகுதி 1928இல். இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. 2000 முதல் இணையத்தில் ஒவ்வொரு பதிவாகத் திருத்திக்கொண்டு வருகிறார்கள். சந்தா கட்ட வேண்டும். ஆனால் பல நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்குத் திறந்துவைத்திருக்கின்றன.

இந்த அகராதியைப் புதிதாகத் திறப்பவர் செய்யும் முதல் பிழை, மேலே முதலாவதாக இருக்கும் பொருளை 'முக்கியப் பொருள்' என்று எடுத்துக்கொள்வது. மாணவர் அகராதிகளில் அப்படித்தான். இங்கே வரிசை தலைகீழ். காலத்தால் மூத்த பொருள் மேலே நிற்கும். வழக்கொழிந்து 400 ஆண்டு ஆன பொருளாகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டு குறித்த மேற்கோள்கள் இருக்கும். நமக்கு வேண்டிய சரக்கு அங்கேதான். பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பையும் பாருங்கள். இன்னும் திருத்தப்படாத பதிவு என்றால், நூறாண்டுக்கு முன் கிடைத்த சான்றுகளை வைத்து எழுதியது. அதைவிட முந்தைய சான்று வேறெங்கோ கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இலவசமாகக் கிடைப்பவையும் சாதாரணமானவை அல்ல. 1100 முதல் 1500 வரையிலான காலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் முழுதாக இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்–டாலர் அகராதி உண்டு. அவசரத்துக்கு ஆன்லைன் எடிமாலஜி டிக்ஷனரி போதும்; ஆனால் அது தரும் ஆண்டு பெரும்பாலும் பிறரிடமிருந்து தொகுத்தது, மேற்கோளும் இருக்காது. அதில் தொடங்கலாம், அதிலேயே முடிக்கக் கூடாது.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: வடிவம், மொழி, ஆண்டு, பொருள், சான்று. சான்றுக் கட்டம் காலியாக இருக்கும் வரி எதுவும் முடிவுக்கு உதவாது.

முதலில், எத்தனை சொல் என்று எண்ணுங்கள்

எழுத்தில் ஒன்றாகத் தெரிவது ஒரே சொல்லாக இருக்க வேண்டியதில்லை. 'சவுண்ட்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஓசை என்ற பொருளில் வருவது பிரெஞ்சிலிருந்து வந்த 'சோன்'. கடைசி 'ட்' ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. நலமான, பழுதற்ற என்ற பொருளில் வருவது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஜெர்மனின் 'கெசுண்ட்' அதன் உடன்பிறப்பு. நீர்ச்சந்தியைக் குறிப்பது மூன்றாவது. அதற்கு நீந்துதலோடு உறவு. கடலாழம் பார்ப்பது நான்காவது. அதுவும் பிரெஞ்சு வழி வந்தது. இந்த நான்கையும் ஒரே சொல்லென்று எண்ணி 'ஓசையிலிருந்து நலம் எப்படி வந்தது' என்று தத்துவம் எழுதியவர்கள் உண்டு. பெரிய அகராதிகள் இவற்றைத் தனித்தனித் தலைச்சொல்லாக எண் போட்டுப் பிரித்திருக்கும். பெயர், வினை, பெயரடை என்று எது உங்களுக்கு வேண்டும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானித்துவிடுங்கள்.

எந்த அடுக்கைச் சேர்ந்தது?

அகராதியைத் திறக்கும் முன் சொல்லின் முகத்தை வைத்தே ஓர் அனுமானம் செய்யலாம். ஆங்கிலம் அடுக்கடுக்காகப் படிந்த மொழி. அடியில் இருப்பது 5ஆம் நூற்றாண்டு முதல் வட ஜெர்மனி, ஜட்லாந்து கரைகளிலிருந்து வந்து குடியேறிய ஆங்கிலர், சாக்சன், ஜூட் மக்களின் பேச்சு. அதன்மேல், ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் மொழியான நார்ஸ். லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை அவர்கள் தாக்கியது 793இல். கொள்ளையடிக்க வந்தவர்கள் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்தார்கள். மூன்றாவது, 1066இல் நார்மன் படையெடுப்போடு வந்த பிரெஞ்சு. பிறகு, குறிப்பாக 16ஆம் நூற்றாண்டிலிருந்து, அறிஞர்கள் நேராக இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து அள்ளிக்கொண்டு வந்தவை.

இந்த அடுக்குகளை அடையாளம் காட்டும் இணைகள் நம் வாயிலேயே புழங்குகின்றன. 'ஷர்ட்', 'ஸ்கர்ட்' இரண்டும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லின் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க்' என்ற ஒலிக்கூட்டு 'ஷ்' ஆகிவிட்டது; நார்ஸில் ஆகவில்லை. ஆகவே, அன்றாடப் பொருளைக் குறிக்கும் சொல் 'ஸ்க்' என்று தொடங்கினால், 'ஸ்கை', 'ஸ்கின்' போல, நார்ஸாக இருக்கலாம் என்று முதலில் ஐயப்படுங்கள். 'வாரண்டி', 'கேரண்டி' இன்னொரு இணை. வடக்கு பிரான்சின் நார்மன் பேச்சில் 'வ' என நின்ற இடத்தில் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் 'க' வந்தது. 'வார்டன்', 'கார்டியன்' அதே கதை. 'வ' வடிவம் பொதுவாக முன்னால் வந்தது, 'க' வடிவம் பின்னால் வந்தது.

'ச' ஒலியும் காலம் காட்டும். இடைக்காலத்திலேயே வந்த பிரெஞ்சுச் சொல்லில் அது 'ச்' என ஒலிக்கிறது: 'சீஃப்', 'செயின்', 'சேம்பர்'. பிரெஞ்சிலேயே அந்த ஒலி 'ஷ்' ஆக மாறியபின் வந்தவை 'ஷ்' என்றே ஒலிக்கின்றன: 'ஷெஃப்', 'மெஷின்'. 'சீஃப்' என்பதும் 'ஷெஃப்' என்பதும் பிரெஞ்சில் ஒரே சொல்தான். தலைவன் என்று பொருள். ஒன்று இடைக்காலத்தில் வந்து இறங்கியது, மற்றது 19ஆம் நூற்றாண்டில்.

பொருளின் நடையும் துப்புக் கொடுக்கும். கேள் என்பதற்கு 'ஆஸ்க்' சொந்தச் சொல், 'கொஸ்டின்' பிரெஞ்சு, 'இன்டராகேட்' இலத்தீன். வீட்டுப் பேச்சு, அவைப் பேச்சு, ஏட்டுப் பேச்சு என்று மூன்று தளம். இது விதியல்ல, சாய்வுதான். 'தே', 'தெம்' என்ற மிகச் சாதாரணமான பிரதிப்பெயர்களே நார்ஸ் கடன்.

உயிரொலிப் பெயர்ச்சி: தமிழ் எழுத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரியும்

ஏறக்குறைய 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் ஒருபடி மேலே நகர்ந்தன; அதாவது, நாக்கு வாயில் இன்னும் உயர்ந்து நின்று ஒலித்தன. மேலே போக இடமில்லாதவை இரட்டை உயிராகப் பிளந்தன. ஆங்கில எழுத்தில் இதை விளக்குவது சிரமம். அந்த எழுத்து இந்த மாற்றத்தை மறைத்துவிட்டது. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் கை நீட்டித் தொடலாம்:

ஆ → ஏ: 'நாமெ' என்றிருந்தது 'நேம்' ஆயிற்று.
ஏ → ஈ: 'மேட்' என்றிருந்தது 'மீட்' (சந்தி) ஆயிற்று.
ஈ → ஐ: 'டீமெ' என்றிருந்தது 'டைம்' ஆயிற்று.
ஓ → ஊ: 'மோனெ' என்றிருந்தது 'மூன்' ஆயிற்று.
ஊ → அவு: 'ஹூஸ்' என்றிருந்தது 'ஹவுஸ்' ஆயிற்று.

இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476இல். பெயர்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே எழுத்துக்கூட்டல் அச்சில் உறையத் தொடங்கிவிட்டது. எழுத்து ஒரு காலத்தையும் ஒலி இன்னொரு காலத்தையும் காட்டுவதற்கு இதுவே பெருங்காரணம். 'ஐ' என்ற எழுத்தைப் போட்டுவிட்டு ஒரு சொல்லில் 'ஐ' என்றும் மற்றொன்றில் 'ஈ' என்றும் ஏன் படிக்கிறார்கள் என்று குழம்பும் மாணவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இதை வைத்து ஒரு கடன்சொல்லின் காலத்தைத் தோராயமாகக் குறிக்கலாம். 'ப்ரைஸ்' (விலை), 'லைன்', 'ஃபைன்' ஆகியவை பெயர்ச்சிக்கு முன்பே வந்து குடியேறியவை. அதனால் அவற்றின் 'ஈ' மற்றவற்றோடு சேர்ந்து 'ஐ' ஆகிவிட்டது. 'போலீஸ்', 'மெஷின்' ஆகியவை 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தவை. பிரெஞ்சு 'ஈ' அப்படியே நிற்கிறது. 'ரவுண்ட்' முன்னால் வந்தது, 'குரூப்' பின்னால்.

எங்கே சறுக்கும்? முதலாவது, குறுகிய உயிர் நகரவில்லை. 'வைஸ்' நகர்ந்தது, ஆனால் 'விஸ்டம்' என்பதில் இரண்டு மெய் அடுத்தடுத்து வந்ததால் உயிர் முன்பே குறுகிவிட்டது, அதனால் நகரவில்லை. 'ஃபைவ்'–'ஃபிஃப்டி', 'சைல்டு'–'சில்ட்ரன்', 'கீப்'–'கெப்ட்' எல்லாம் இப்படி. இந்த இணைகள் தொல்லை அல்ல, வரம்: குறுகிய பக்கம் பழைய உயிரின் நிறத்தைக் காத்து வைத்திருக்கிறது. இரண்டாவது, சில இடங்களில் உதட்டொலி குறுக்கே நின்றது. 'ரூம்' பழைய ஆங்கிலத்திலும் 'ரூம்'தான். பின்னால் 'ம்' இருப்பதால் 'ரவும்' ஆகாமல் தப்பியது. மூன்றாவது, 'கிரேட்', 'பிரேக்' போன்ற சில, பாதிவழியில் 'ஏ'யிலேயே நின்றுவிட்டன. நான்காவது, இதற்கும் முன்பு நடந்த மாற்றங்கள் உண்டு. வீட்டுக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'ஹாம்'. அதன் 'ஆ' இடைக்காலத் தொடக்கத்திலேயே 'ஓ' ஆகிவிட்டது, இன்று 'ஹோம்'. பர்மிங்ஹாம் போன்ற ஊர்ப்பெயரின் ஈற்றில் அந்தப் பழைய சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒலிக்காத எழுத்து: சில உண்மை சொல்லும், சில பொய் சொல்லும்

இரவு என்னும் 'நைட்', மறவன் என்னும் 'நைட்' இரண்டும் இன்று ஒரே ஒலி. எழுத்தில் மட்டும் இரண்டாவதன் முன்னால் 'கே' நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் 'ஜி-ஹெச்' நிற்கிறது. இந்த எழுத்துகள் உண்மை பேசுகின்றன. 'கே' ஒருகாலத்தில் ஒலித்தது. 'ஜி-ஹெச்' தொண்டையில் உரசும் 'ஹ்'. மறவனின் பழைய வடிவம் 'க்னிஹ்ட்'. பொருள் என்ன தெரியுமா? பையன், பணியாள். ஜெர்மனில் அதே சொல் 'க்னெஹ்ட்' இன்றும் ஏவலாளைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அரசனின் பணியாள் படைவீரனாகி, படைவீரன் பட்டம் பெற்றவனானான். நம் மொழியியல் நூல்கள் இதை உயர்பொருட்பேறு என்று சொல்லும்.

இனி பொய் சொல்லும் எழுத்துகள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவில் ஒரு 'பி' இருக்கிறது. இடைக்காலத்தில் இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. இலத்தீன் மூலம் 'டெபிட்டும்' என்பதைக் காட்டப் படித்தவர்கள் பின்னால் செருகிய எழுத்து அது. ஆங்கிலத்தில் ஒருநாளும் ஒலித்ததில்லை. 'டவுட்' அதே வகை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இன்னும் மோசம்: அது சொந்தச் சொல், இலத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து அதில் 'எஸ்' செருகப்பட்டது. இரண்டுக்கும் உறவே இல்லை. 'குட்' என்ற துணைவினையில் நிற்கும் 'எல்', 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

உண்மையா பொய்யா என்று பிரிக்க ஒரே வழி, அகராதிப் பதிவில் 'வடிவங்கள்' என்ற பகுதிக்குப் போய், 1500க்கு முந்தைய எழுத்துக்கூட்டல்களில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. 1300இலும் இருந்தால் பெரும்பாலும் ஒலித்த எழுத்து. 1500ஐ ஒட்டித் திடீரென்று முளைத்தால் செருகல்.

சொற்பிறப்புப் பத்தியைப் படிக்கும் முறை

இங்கே இரண்டு தொடர்களைக் குழப்பிக்கொள்ளவே கூடாது. 'இதிலிருந்து வந்தது' என்பது தாய்–பிள்ளை உறவு. 'இதோடு இனமானது' என்பது உடன்பிறப்பு உறவு. 'ஃபாதர்' ஜெர்மனின் 'ஃபாட்டர்' என்பதிலிருந்து வரவில்லை. இரண்டும் ஒரு பழைய மூலத்திலிருந்து கிளைத்தவை. இதைத் தவறாகப் படித்துவிட்டு 'ஆங்கிலம் ஜெர்மனிலிருந்து வந்தது' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, ஒப்பிட்டு மீட்டமைத்தது என்று பொருள். அதைச் சான்றுக் கட்டத்தில் எழுதாதீர்கள்.

இனமொழி உறவைச் சோதிக்க ஒலிவிதி இருக்கிறது. டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818இலும், ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822இலும் எடுத்துக்காட்டிய ஒழுங்கு அது. இலத்தீன், கிரேக்கத்தில் 'ப' நிற்கும் இடத்தில் ஜெர்மானியச் சொல்லில் 'ஃப'. 'த' நிற்கும் இடத்தில் பல்லிடை 'த்' உரசொலி. 'க' நிற்கும் இடத்தில் 'ஹ'. அதிர்ந்தொலிக்கும் 'ட' (d) நிற்கும் இடத்தில் அதிராத 'ட' (t). ஆங்கிலம் சொந்தச் சொல்லையும் இலத்தீன், கிரேக்கக் கடனையும் ஒருசேர வைத்திருப்பதால், ஒரே வேரின் இரு கிளைகளையும் ஒரே மொழிக்குள் பார்க்கலாம்: 'ஃபுட்' (பாதம்), 'பெடல்', 'ஹார்ட்', 'கார்டியாக்', 'ஹார்ன்' (கொம்பு), 'கார்னர்', 'டூத்', 'டென்டிஸ்ட்'.

இந்த விதியின் அருமை உறவைக் காட்டுவதில் மட்டும் இல்லை. போலி உறவை அறுப்பதிலும் இருக்கிறது. ஆங்கில 'ஹேவ்', இலத்தீன் 'ஹபேரே' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்று ஒரே பொருள், ஒலியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆங்கில 'ஹ' இலத்தீன் 'க'வுக்கு ஈடாக வர வேண்டும், 'ஹ'வுக்கு அல்ல. 'ஹேவ்' என்பதன் உண்மையான இனம், பற்றுதல் என்று பொருள்படும் 'கப்பேரே'. ஆங்கில 'மச்', ஸ்பானிஷ் 'முச்சோ' இரண்டும் 'மிகுதி'தான், அங்கும் உறவில்லை. ஒன்று பழைய ஆங்கில 'மிச்செல்', மற்றது இலத்தீன் 'முல்துஸ்'.

தமிழோடு ஒப்பிடும் ஆர்வம் உள்ளவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது ஐயத்துக்கு இடமின்றி உறுதி. ஏன்? பொருள் ஒன்று, கப்பல் பயணிகள் வழியாகத் தொடர்பு இருந்தது, அவர்களின் எழுத்தில் அந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. 'கில்' என்பதைக் 'கொல்' என்பதோடு கட்டும்போது இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. அந்த ஆங்கிலச் சொல் இடைக்காலத்தில் தலைகாட்டும்போது அடித்தல், தாக்குதல் என்ற பொருளில் வருகிறது. அந்தக் காலத்தில் தமிழோடு தொடர்பு இருந்ததற்கு எந்தத் தடமும் இல்லை. தொடர்பின் வழி, காலம், பதிவு இம்மூன்றையும் காட்ட முடியாத ஒப்பீட்டைக் கைவிடுவதே தமிழுக்கும் மரியாதை.

ஆண்டுகளை எடைபோடுதல்

'முதல் சான்று' என்பது சொல் பிறந்த நாள் அல்ல; நம் கண்ணில் பட்ட நாள். பேச்சில் நூறாண்டு புழங்கிய பின்பும் ஏட்டில் ஏறலாம். இரண்டாவது, ஆண்டு சொல்லுக்கு உரியதா, பொருளுக்கு உரியதா என்று பாருங்கள். 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு 1613இலேயே சான்று உண்டு, ஆனால் அங்கே அது கணக்குப் போடும் மனிதர். ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 17ஆம் நூற்றாண்டில் கணினி இருந்ததாக எழுத நேரும். மூன்றாவது, இடைக்காலப் பனுவல்களுக்கு இயற்றிய காலம் ஒன்று, நம் கையில் இருக்கும் படி எழுதப்பட்ட காலம் வேறு. படியெடுத்தவர் பழைய சொல்லைத் தூக்கிவிட்டுத் தன் காலத்துச் சொல்லைப் போட்டிருக்கலாம். மிச்சிகன் அகராதி இரண்டு ஆண்டுகளையும் தருகிறது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது, இடம். 1490இல் கேக்ஸ்டன் ஒரு முன்னுரையில் எழுதிய நிகழ்ச்சி இது: தேம்ஸில் காற்றில்லாமல் நின்ற கப்பலின் வணிகர்கள் கரையிறங்கி, ஒரு வீட்டில் 'எக்ஸ்' என்று முட்டை கேட்டார்கள். வீட்டுப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். கேட்டவனுக்கும் பிரெஞ்சு தெரியாது. அவனுக்குக் கோபம் வந்தது. இன்னொருவன் 'ஐரன்' என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. 'எக்' வடக்கிலிருந்து வந்த நார்ஸ், 'ஐரன்' தெற்கத்திச் சொந்தச் சொல்லின் பன்மை. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் இரண்டும் உயிரோடு இருந்தன. ஆகவே 'அந்தக் காலத்தில் முட்டைக்கு என்ன சொல்' என்று கேட்டால், 'எந்த ஊரில்' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கூகுள் நூல்களின் சொல் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் 1800க்கு முந்தைய பகுதியை அப்படியே நம்ப வேண்டாம். அக்கால அச்சில் சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' நீண்ட கோடாக இருக்கும். பார்த்தால் 'எஃப்' போலத் தெரியும். கணினி அப்படியே படித்துவிடுகிறது. 'பெஸ்ட்' என்பது 'பெஃப்ட்' என்று பதிவாகும். 1800ஐ ஒட்டி 'எஸ்' உள்ள ஒரு சொல் திடீரென்று கிடுகிடுவென ஏறினால், மாறியது மொழியல்ல, அச்செழுத்து.

ஒரு சொல்லை முழுதாகப் பார்ப்போம்: 'சில்லி'

இன்றைய பொருள்: அசட்டுத்தனமான. உயிர் குறில், ஈற்றில் 'லி'. முகத்தில் பிரெஞ்சு வாடை இல்லை. சொந்தச் சொல்லாக இருக்கலாம் என்று முதல் வரி எழுதுகிறோம்.

பழைய ஆங்கிலத்தில் 'யெசேலி' கிடைக்கிறது. எழுத்தில் 'ஜி' போட்டு 'ய' என்று ஒலிப்பது அன்றைய வழக்கம். பொருள்: பேறுபெற்ற, மகிழ்ந்த. ஜெர்மனில் 'ஸேலிக்' இன்றும் பேறுபெற்ற என்றே நிற்கிறது, உடன்பிறப்பு உறுதி. இடைக்காலத்தில் முன்னொட்டு உதிர்ந்து 'ஸேலி' ஆகிறது. 1200ஐ ஒட்டி இறைப்பற்றுள்ளவர், மாசற்றவர் என்ற பொருள்கள். 13ஆம் நூற்றாண்டு இறுதியில் இரங்கத்தக்கவர். 1300 அளவில் வலுவற்றவர். 1570களில் அறிவில் வலுவற்றவர், அசடு. இதற்கிடையில் நெடில் குறுகி 'சிலி' வடிவம் வந்துவிட்டது. குறுகாமல் இருந்திருந்தால் உயிரொலிப் பெயர்ச்சியில் 'சீலி' ஆகியிருக்கும். வட்டார வழக்கில் அந்த வடிவமும் உண்டு.

இப்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பாலம் தேட வேண்டும். இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்தும் மேற்கோள்தான் பாலம். மாசற்றவர் துன்புறும்போது இரங்கத்தக்கவர், இரங்கத்தக்கவர் வலுவற்றவர். பேறுபெற்றவர் ஒரே தாவலில் அசடாகவில்லை. தமிழில் சினத்தைக் குறித்த 'வெகுளி' இன்று சூதுவாது தெரியாதவரைக் குறிப்பதுபோல, இரண்டு முனையை மட்டும் பார்த்தால் நம்ப முடியாத மாற்றமும் இடைப்படிகளைப் பார்த்தால் இயல்பாகிவிடும். இடைப்படி கிடைக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கற்பனையால் நிரப்பாதீர்கள்.

எல்லாச் சொல்லும் கீழே இறங்குவதில்லை. 'டியர்' பழைய ஆங்கிலத்தில் பொதுவாக விலங்கு, இன்று மான் மட்டும்: சுருக்கம். 'பேர்ட்' முதலில் பறவைக்குஞ்சு, இன்று எல்லாப் பறவையும்: விரிவு. 'க்ளூ' நூலுருண்டை, கிரேக்கப் புராணத்தில் தீசியஸ் நூலைப் பிடித்துக்கொண்டு சிக்கல்மாளிகையிலிருந்து வெளியேறிய கதையால் துப்பு என்ற பொருள் வந்தது: உருவகம்.

பரவிக்கிடக்கும் போலிக் கதைகள்

'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்பார்கள். இல்லை; புதியது என்னும் 'நியூ' என்பதன் பன்மை. 'ஹிஸ்டரி' என்பது 'அவனுடைய கதை' என்பார்கள். இல்லை, ஆராய்ந்தறிதல் என்று பொருள்படும் கிரேக்க 'ஹிஸ்தோரியா'. ஒரு சொல் முதலெழுத்துகளைக் கோத்துப் பிறந்தது என்று யாராவது சொன்னால் அதன் முதல் சான்றின் ஆண்டைப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது என்றால் அந்தக் கதை ஏறத்தாழ எப்போதும் பொய். முதலெழுத்துச் சொற்கள் அதன்பிறகுதான் பெருகின.

மூலப்பொருளே 'சரியான பொருள்' என்று வாதிடுவதும் பிழைதான். 'மேனுஃபேக்சர்' என்பதில் இலத்தீனின் 'கை' இருக்கிறது. அதற்காக எந்திரத்தால் செய்ததை அந்தச் சொல்லால் குறிக்கக் கூடாது என்பவர் இல்லை.

பழைய பனுவலைப் படிக்கும்போது

தெரியாத சொல் ஆளை ஏமாற்றாது. அகராதியைத் திறக்க வைக்கும். தெரிந்ததுபோல் நிற்கும் சொல்தான் ஏமாற்றும். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில் 'ப்ரிவென்ட்' என்றால் முந்திச்செல்லுதல், 'சஃபர்' என்றால் பல இடங்களில் அனுமதித்தல். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ப்ரசென்ட்லி' என்றால் உடனே. 'வேர்ஃபோர்' என்றால் எங்கே அல்ல, ஏன். 'லெட்' என்பதில் இரண்டு சொல் கலந்திருக்கிறது: ஒன்று விடு, மற்றொன்று தடு. நேர் எதிர்.

'தௌ', 'யூ' வேறுபாட்டைத் தமிழர் எளிதில் பிடிக்கலாம்: அது நம் நீ, நீங்கள். ஒரு பாத்திரம் உரையாடலின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது, நெருக்கமோ சினமோ இகழ்ச்சியோ. வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு, யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். பழைய கடைப் பலகை பாணியில் 'யீ' என்று எழுதப்படுவது வேறு சங்கதி: அது 'தி' என்னும் சுட்டு. 'தார்ன்' என்ற பழைய எழுத்து கையெழுத்தில் 'ஒய்' போலத் தெரிந்ததால் வந்த மயக்கம். படிக்கும்போது 'தி' என்றே படிக்க வேண்டும்.

தேடித் தேடியும் மூலம் கிடைக்காத சொற்கள் உண்டு. அகராதி 'தோற்றம் தெரியவில்லை' என்று போட்டிருந்தால் உங்கள் தாளிலும் அப்படியே எழுதுங்கள். நாய்க்குப் பழைய ஆங்கிலத்தில் பொதுச்சொல் 'ஹுண்ட்'. அது இன்று வேட்டைநாயாகச் சுருங்கி 'ஹவுண்ட்' என நிற்கிறது. அதன் இடத்தைப் பிடித்த 'டாக்', பழைய ஆங்கிலக் காலத்தின் கடைசியில் 'டோக்கா' என்று மிக அரிதாகத் தலைகாட்டுகிறது. வேறு எந்த ஜெர்மானிய மொழியிலும் அதற்கு உறுதியான உடன்பிறப்பு இல்லை. ஆங்கிலத்தில் குழந்தைகள் முதலில் கற்கும் சொற்களில் ஒன்று அது. மொழிக் கட்டத்தில் 'பழைய ஆங்கிலம்' என்று எழுதி, அதற்கு முந்தைய வரியைக் காலியாக விட வேண்டியதுதான்.